சாணக்குழியில் புதைத்த இரசவாதம்

முதலில் நாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று நாள் புளித்த ரப்பர் பால், அதில் ஷீட் உறைய விடுகிற ஆசிட், உடைத்து ஊற்றிய ஒரு கோழிமுட்டை, கிணற்றடிப் பாசி, கொஞ்சம் சாம்பல். இவ்வளவையும் ஒரு குப்பியில் அடைத்துச் சாணக்குழியில் ஒரு மாதம் புதைத்து வைத்தால் என்ன நாற்றம் வருமோ அது. நம் வயதுக்காரர்களுக்கு ரப்பர் ஷீட் காயப்போடும் புகைப்புரையின் வாடை மறந்திருக்காது. அதைப் பத்து மடங்காக்கிக்கொள்ளுங்கள். அந்தக் குப்பியைத் தயாரித்தவள் நான். அப்போது எனக்குப் பதினொரு வயது.

இதை இப்போது எழுத என் மகன்தான் காரணம். முப்பது வயதுத் தடியன், சனிக்கிழமை ஆனால் சிநேகிதர்களைக் கூட்டி வந்து மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டுகிறான். ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வேடம் எடுத்து, இப்போது நான் கதவை உடைக்கிறேன், இப்போது நான் ஒளிகிறேன் என்று வாயால் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். போன மாதம் காப்பி கொண்டுபோய் வைத்தபோது மகனுடைய தாளில் பார்த்தேன். அவன் வேடம் இரசவாதி. இடுப்பில் வரிசையாகக் குப்பிகள் கட்டிய ஆள். "அம்மா, உனக்கு இதெல்லாம் புரியாது" என்றான். ஆமாம், புரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த விஷயத்தில் நான் சொன்ன முதல் பொய் அதுவல்ல.

எங்கள் வீடு பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில். பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டில் தமிழ். பெரியப்பா ரிஜிஸ்டர் ஆபீசில் தலைமைக் கிளார்க்காக இருந்தவர். அவருடைய அப்பாவும் அப்படித்தான். சைவச் சாப்பாடு, ஆபீஸ் குடும்பம், அந்தப் பெருமை சுவரில் அடித்த சுண்ணாம்பில்கூட இருந்தது. நாங்கள், பெரியப்பா குடும்பம், சித்தப்பா குடும்பம் எல்லாரும் ஒரே காம்பவுண்டுக்குள். இந்த வீட்டில் அருவருப்பு, எங்கள் பேச்சில் அறப்பு, பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிற ஒரு பாடம். யார் தொட்ட தண்ணீர், யார் உட்கார்ந்த நாற்காலி, யார் வீட்டுச் சட்டியில் என்ன வேகிறது என்று எங்களுக்கு எழுத்துப் படிக்கும் முன்பே தெரியும். பெரியம்மா எதைத் தொட்டாலும் விரலை ஒருமுறை மோந்து பார்ப்பாள். அந்தப் பழக்கம் என்னிடமும் இருக்கிறது, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த வருடம் வேனல் விடுமுறைக்கு அத்தை மகன் பம்பாயிலிருந்து வந்திருந்தான். பதின்மூன்று வயது. அவன் அப்பா கப்பலில் வேலை பார்த்தவர். ஏதோ துறைமுகத்திலிருந்து மகனுக்கு ஒரு தகர டப்பா வாங்கி வந்திருந்தார். உள்ளே அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் புத்தகம், இருபது முகமுள்ள பகடை. அந்தப் பகடையை நான் முதலில் மிட்டாய் என்று நினைத்தேன். நாவில் வைத்தும் பார்த்தேன்.

அவன் கதை சொல்கிறவன், அவனே வாள்வீரனும். எனக்கு அவன் கொடுத்தது, யாருக்கும் வேண்டாத இரசவாதி வேடம். சண்டை வந்தால் இரசவாதிக்குக் கத்தி பிடிக்கத் தெரியாது. பின்னால் நின்று குப்பியை எறியலாம், காயம் பட்டவனுக்கு மருந்து கொடுக்கலாம். அவ்வளவுதான். ஆனால் எனக்குப் பிடித்துவிட்டது. ஒரு பொருளை இன்னொரு பொருளாக்குகிற ஆள் அல்லவா.

உலகத்தில் மற்ற பிள்ளைகள் எல்லாம் இதை வாயால் சொல்லி விளையாடுவார்கள். மருந்து செய்கிறேன் என்றால் பகடையை உருட்டுவார்கள், மருந்து ஆகிவிடும். எனக்கு அது ஒப்பவில்லை. நாம் அரிஷ்டமும் கஷாயமும் குடித்து வளர்ந்தவர்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்காதது எப்படி மருந்தாகும்? வாயால் சொன்னால் போதாது, நிஜமாகவே கலக்கிக் காட்டுவேன் என்று அடம் பிடித்தேன். அத்தை மகன் முதலில் சிரித்தான். பிறகு அதையே விதியாக்கினான். நிஜமாகக் கலக்கினால் பகடையில் இரண்டு கூடுதல். கலக்கியது எவ்வளவு நாறுகிறதோ அவ்வளவுக்கு மருந்து வீரியம் என்றும் ஒரு கணக்கு வைத்தான். கள்ளிப்பால், புளித்த கஞ்சி, நத்தை ஊர்ந்த சளி, மாட்டுத் தொழுத்தில் பசு நின்ற இடத்துச் சேறு. அவனுக்கு ஓங்கரித்துக்கொண்டு வரும். எனக்கு வராது என்பதுதான் பெருமை.

குப்பிகள் கொடுத்தது சித்தி. சித்தப்பாவைக் கட்டி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அம்பூரி மலைக்காரி, ரப்பர் வீட்டுப் பெண். காட்டாக்கடையில் ஒரு டாக்டர் வீட்டோடு சேர்ந்த பரிசோதனைக்கூடத்தில் வேலை. இரத்தம் எடுப்பாள், மலமும் மூத்திரமும் பார்த்துச் சீட்டு எழுதுவாள். வேலை முடிந்து வந்தால் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைப்பாள். அப்படி இருந்தும் அவள் ஆக்கியதைப் பெரியம்மா தொட்டதில்லை. கண்டவன் பீயைத் தொடுகிற கை என்று அவள் காதில் விழும்படியே சொல்வார்கள். போதாததற்கு அவள் பிறந்த வீட்டில் முட்டை வேகும் என்று ஒரு பேச்சு. சித்தி தன் தட்டைத் தானே போட்டுக்கொண்டு சாப்பிடுவாள்.

எங்கள் விளையாட்டு தெரிந்த ஒரே பெரிய ஆள் அவள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்களோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து பகடை உருட்டினாள். இரசவாதி என்றால் என்ன என்று கேட்டுவிட்டு, அதைத்தானே நான் தினமும் செய்கிறேன் என்றாள். சர்க்கரை வியாதிக்காரன் மூத்திரத்தை ஒரு நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினால் முதலில் பச்சையாகும், பிறகு மஞ்சள், வியாதி முற்றினால் செங்கல் சிவப்பு. நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றுமுதல் என் விளையாட்டு நோட்டில் இரசவாதிக்குச் சித்தியைப் போல இரட்டைப் பின்னல் வரைந்தேன். அத்தை மகன் பாதரசம் கேட்டபோது மட்டும் சித்தியின் முகம் மாறிவிட்டது. அது விஷம், அந்த விளையாட்டு வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னாள். மூடி போட்ட காலிக் குப்பிகளை வெந்நீரில் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்து தருவாள்.

புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இரசவாதியின் கல் இருந்தது. தொட்டதைப் பொன்னாக்கும், செத்தவனைப் பிழைக்க வைக்கும். அதற்கு நாற்பது நாள் சாணச் சூட்டில் அழுக வேண்டும். கறுப்பாகி, வெளுத்து, மஞ்சளாகி, சிவக்க வேண்டும். அதற்கு வித்தாக ஒரு துளி பொன் உள்ளே கிடக்க வேண்டும். அத்தை மகன் எழுத்தெண்ணி வாசித்து அர்த்தம் சொன்னான். முட்டையை அவன் முக்குக் கடையில் வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தான். ரப்பர் பாலும் ஆசிட்டும் பக்கத்து ரப்பர் விளையில் ஷீட் அடிக்கிற கொட்டகையிலிருந்து. பொன் நான் கொண்டுவந்தேன்.

பெரியம்மாவின் கம்மல் திருகாணி. அவள் தலை வாரிவிட்டுப் போன இடத்தில், சீப்பில் சிக்கிய முடியோடு சுற்றிக்கொண்டு கிடந்தது. முடியைப் பிரிக்கக்கூட நேரமில்லை, அப்படியே குப்பிக்குள் போட்டேன். மூடியில் ஆணியால் புத்தகத்திலிருந்த குறிகளைக் கீறினேன், வட்டம், பிறை, சிலுவை, முக்கோணம். தொழுத்துக்குப் பின்னால் சாணக்குழியில் முழங்கை வரை கையை விட்டுப் புதைத்தோம். சாணம் உள்ளே நன்றாகச் சூடாக இருந்தது. அன்று சாயங்காலமே திருகாணியைக் காணோம் என்று வீடு அமளிப்பட்டது. இரண்டு நாள் தேடினார்கள். நானும் கூடவே தேடினேன்.

மே கடைசியில் அத்தை மகன் பம்பாய்க்குப் போனான். நாற்பதாம் நாள் தோண்டி, என்ன நிறம் என்று கடிதம் எழுது என்றான்.

நாற்பது நாள் ஆகவில்லை. மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. தென்னை மூட்டில் தடம் திறந்து சாணம் போட ஆள் வந்தான். மண்வெட்டியில் குப்பி தட்டுப்பட்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு விலகி நின்றுகொண்டான். மூடியில் குறிகள், உள்ளே தெரிகிற முடி. நம் பக்கத்தில் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. கூடோத்திரம். ஒருவரைக் கெடுக்க, அவர் உடம்பில் உள்ள எதையாவது எடுத்து மந்திரம் செய்து அவர் மண்ணிலேயே புதைப்பது. பெரியம்மாவுக்கு அந்த வாரம்தான் முதுகில் அக்கி போட்டிருந்தது. கொப்புளம் உடைந்து நீர் வடிய, செம்மண் குழைத்துப் பூசிக்கொண்டு கவிழ்ந்து படுத்திருந்தாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

திருப்புறத்திலிருந்து ஜோசியர் வந்தார். முற்றத்தில் ஒரு பாக்குப்பாளையைப் போட்டுக் குப்பியைக் கவிழ்த்தார். பால் உறைந்து, ஒரு கை கொள்ளும் அளவுக்குக் கறுத்த கட்டியாகி இருந்தது. அந்த நாற்றத்தில் சித்தப்பா திரும்பி நின்று வாந்தி எடுத்தார். பெரியப்பா குச்சியால் கட்டியைக் குத்தினார். முடி தெரிந்தது, நடுவில் பொன் மினுங்கியது. எனக்க திருகாணி என்று பெரியம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். முட்டைத் தோல் ஒட்டியிருப்பதையும் ஜோசியர் காட்டினார். சைவ வீட்டுச் சாணக்குழியில் முட்டை.

"மலைத் திசையில இருந்து வந்த ஆளாக்கும்" என்றார் ஜோசியர். "வீட்டுக்க உள்ள தான் உண்டு."

எல்லாரும் சித்தியைப் பார்த்தார்கள். குப்பி அவள் வேலை செய்யும் இடத்துக் குப்பி, அது எல்லாருக்கும் தெரியும். சித்தி பதறவில்லை. அது பிள்ளைகளின் விளையாட்டுக் குப்பி, கொடுத்தது தான்தான் என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சொல்லு மக்கா. பயப்படாண்டாம்."

பெரியப்பா என்னை முன்னால் கூப்பிட்டார். இது உன்னுடைய குப்பியா என்று கேட்டார். ஆமாம் என்றால் திருகாணியை எடுத்த கள்ளியும் நான்தான். எனக்கு அந்த ஒரு யோசனைதான் வந்தது. சித்தி நினைவிலேயே இல்லை.

"இல்ல" என்றேன். "எங்க குப்பியெல்லாம் அத்தான் பம்பாய்க்குக் கொண்டு போயாச்சு."

இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லும்படி யாரும் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன். இல்லை என்று மட்டும் சொல்லியிருந்தால்கூட இன்னொரு கேள்வி கேட்டிருப்பார்கள், நான் உளறியிருப்பேன். அந்தப் பம்பாய்தான் எல்லாவற்றையும் முடித்துவிட்டது. பதினொரு வயதில் அவ்வளவு சாமர்த்தியம் எங்கிருந்து வந்தது என்று நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்குக் குமட்டுகிறது.

வைத்த கையே எடுக்க வேண்டும், வெறுங்கையால் எடுக்க வேண்டும் என்றார் ஜோசியர். சித்தி சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். கட்டியை இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்தாள். ரப்பர் அல்லவா, லேசில் கிழியவில்லை, இழுக்க இழுக்க நீண்டது. உள்ளே இருந்து மஞ்சளாக நீர் தெறித்து அவள் கன்னத்தில் பட்டது. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஆனால் உள்ளே போகாமல் பார்த்தார்கள். என்னைப் பெற்ற அம்மை மட்டும் அடுப்படியில் இருந்தாள். திருகாணியை எடுத்து, முடியைப் பிரித்து, தண்ணீரில் மூன்று தடவை அலசிப் படியில் வைத்தாள். ஆசிட் பட்டு அவள் விரலிடுக்கெல்லாம் சிவந்திருந்தது.

"பீயும் மூத்திரமும் எடுக்குத கையாக்கும் இது. இதுக்கு அறப்பு கிடையாது" என்றாள் சித்தி. "உங்கள எல்லாம் பாக்கும்போதாக்கும் எனக்கு அறப்பா இருக்கு."

உங்கள எல்லாம் என்றதில் நானும் உண்டு. என்னைத் தனியாக அவள் பார்க்கவில்லை. திருகாணியைப் பிறகு பசுவின் மூத்திரத்தில் கழுவிச் சுத்தம் செய்து பெரியம்மா காதில் போட்டுக்கொண்டாள். அதில் யாருக்கும் அருவருப்பு தோன்றவில்லை.

அந்த வாரமே சித்தப்பாவும் சித்தியும் காட்டாக்கடையில் வாடகை வீட்டுக்குப் போனார்கள். பேச்சு அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. கூடோத்திரம் வைக்கிறவளிடம் யார் இரத்தத்தைக் கொடுப்பார்கள்? ஒரு துளி இரத்தம் போதுமே, என்னவும் செய்யலாமே. நோயாளிகள் கையை நீட்ட மறுத்தார்கள். மூன்று மாதத்தில் அவள் வேலை போயிற்று. அம்பூரியில் அப்பாவின் ரப்பர் விளையில் ஷீட் அடிக்கப் போனாள். படித்து வாங்கிய வேலை அதோடு சரி. அவளுடைய பெண்ணின் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் போகவில்லை. பத்திரிகை வந்தது, அதைக்கூட மோந்து பார்த்துவிட்டு ஜன்னலில் வைத்தார்கள். அத்தை மகன் கடிதம் எழுதி நிறத்தைக் கேட்டான். நான் பதில் போடவில்லை.

இவ்வளவும் பிள்ளைப் புத்தி, பெரியவர்களின் மூட நம்பிக்கை என்று சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். நானும் முப்பத்தைந்து வருடம் அப்படித்தான் ஆற்றிக்கொண்டேன். அப்பா இறந்த வருடம் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது, மனசு கேட்காமல், அந்தக் குப்பி என்னுடையது என்று அம்மையிடம் சொன்னேன். அவள் மடித்துக்கொண்டிருந்த வேட்டியைக்கூட நிறுத்தவில்லை.

"மூடியில நீ கீறின கோலம் எனக்குத் தெரியாதா? உனக்க நோட்டு நிறைய அதுதானே. அவங்க முற்றத்துல நிக்கும்போதே அந்த நோட்ட நான் அடுப்புல வச்சாச்சு." வேட்டியை அடுக்கில் வைத்து, "பொட்டப்பிள்ள களவெடுத்தான்னு பேரு வந்தா பின்ன உன்ன ஆரு கல்யாணம் கெட்டுவா?" என்றாள்.

எனக்காகத்தான் செய்தாள். அதுதான் தாங்க முடியாதது. முற்றத்தில் சித்தி அந்தக் கட்டியைக் கிழித்துக்கொண்டிருந்த நேரத்தில், என் தாயார் அடுப்படியில் இரட்டைப் பின்னல் இரசவாதியை எரித்துக்கொண்டிருந்தாள். அவள் பிசைந்து தந்த சோற்றை அன்று மத்தியானம் நான் சாப்பிட்டேன்.

சித்தியைப் பார்க்கப் போனேன். சித்தப்பா இப்போது இல்லை. தனியாக இருக்கிறாள், முழங்கால் வலி, மற்றபடி சுகம். எனக்கு முட்டை பொரித்துத் தந்தாள், வேண்டுமென்றே தந்தாளா என்று தெரியவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன். அவள் நான் அழுது முடிக்கும் வரை காத்திருந்தாள்.

"எனக்குத் தெரிஞ்ச காரியத்தை எனக்கிட்ட வந்து சொல்லிட்டுப் போறதுக்கா இவ்வளவு தூரம் வந்த? தெரியாத ஆளுவகிட்டப் போய்ச் சொல்லு."

அதற்குப் பிறகும் நான்கு வருடம் போயிற்று. தெரியாத ஆட்களில் பெரியப்பா போய்ச் சேர்ந்தார், ஜோசியர் போய்ச் சேர்ந்தார். போன வாரம் நெய்யாற்றின்கரையில் ஒரு கல்யாணம், பெரியம்மாவின் பேரனுக்கு. பந்தியில் பெரியம்மா ஒரு பக்கம், அம்மை ஒரு பக்கம், நடுவில் நான். எதிர் வரிசையில் சொந்தக்காரப் பெண்கள். எண்பது தாண்டியும் பெரியம்மாவுக்குக் குரல் மட்டும் தளரவில்லை. மலையிலிருந்து பெண் எடுத்தால் என்ன வரும் என்று தொடங்கி, அந்தக் கதையை எடுத்தாள். அவள் கதையில் இப்போது குப்பிக்குள் மண்டையோட்டுத் துண்டும் இருக்கிறது. இளம் பெண்கள் இலையில் கை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் சொல்லிவிட்டேன். எல்லாருக்கும் கேட்கும்படி, அந்தக் குப்பி நான் வைத்தது, திருகாணியை எடுத்ததும் நான், சித்தி ஒன்றும் செய்யவில்லை என்றேன். பெரியம்மா இடது கையால் என் தலையைத் தடவினாள்.

"அவளுக்கு வேண்டி நீ பழி ஏக்காண்டாம் மக்கா. உனக்கு எப்பளும் நல்ல மனசாக்கும்."

எதிரே இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து உருகிப்போய்ச் சிரித்தாள். நான் அம்மையின் பக்கம் திரும்பினேன். அந்தப் பந்தியில் எனக்கு இருந்த ஒரே சாட்சி அவள். நீ சொல்லு அம்மா, உனக்குத் தெரியுமே என்றேன். அம்மை இலையைப் பார்த்துக்கொண்டே, "இவ சும்மா சொல்லுதா அக்கா" என்றாள். "சின்னதுல இருந்தே இவளுக்குக் கதை சொல்லுத சுபாவம் உண்டு."

விளம்புகிறவன் போளி வைத்துப் பாயசம் ஊற்றினான். எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. போளியைப் பாயசத்தில் பிசைந்து வாயில் வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி வாங்கிச் சாப்பிட்டேன்.